மைனாவின் மூக்கு

என் நாத்தனாரை வெளியே அண்ணி என்று கூப்பிடுவேன், மனசுக்குள் மரமண்டை. அதில் பாதி கோபம், பாதி உண்மை. அந்த மனுஷியின் தலைக்குள் மரத்தைத் தவிர வேறு எதற்கும் இடம் கிடையாது. காலையில் பல் தேய்க்கிறாரோ இல்லையோ, கீழ் அறைக்குப் போய்ப் பலகைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மறு வேலை. கட்டைவிரலை நாக்கில் நனைத்துப் பலகையில் ஒரு தேய்ப்பு தேய்ப்பார். ஈரம் பட்ட இடத்தில் மரத்தின் உள்நிறம் எழும்பி வரும். அதைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷத்தில் என்னைப் பார்த்து ஒரு நாள் அப்படிச் சிரித்ததில்லை.

பத்தொன்பது வருஷம் ஒரு ஃபர்னிச்சர் கடையில் பில் போட்டவர் அவர். முதலாளி ஒரு நாள், மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்தின பலகையில் மேஜை செய்து விற்க ஆரம்பித்தாராம். "இதை மரம்னு எழுத எனக்குக் கை வராது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். வரும்போது கடையின் பின்கட்டில் கிடந்த துண்டுப் பலகைகளை ஒரு வண்டி நிறையக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அதற்கும் முன்னால், கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் ஒரு பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த கதையும் உண்டு. ஏன் என்று யார் கேட்டாலும் "சரிவரல" என்பதோடு முடித்துக்கொள்வார். வளைந்துபோன பலகையைப் பார்த்தாலும் அதே "சரிவரல"தான்.

அந்தத் துண்டுகளை வைத்து அவர் செய்வது மரப் புதிர்கள். படத்தைத் துண்டு துண்டாக அறுத்து மறுபடி சேர்க்கிற விளையாட்டு. பெரியவர்கள் விளையாடுவதற்கு. ஒரு பறவை, ஒரு மீன், ஒரு குடை, எதுவானாலும் நூல் மாதிரி மெல்லிய பிளேடு பூட்டிய கைரம்பத்தால் அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, எண்ணெய் பூசிப் பெட்டியில் போடுவார். சாயம் என்ற பேச்சே கிடையாது. மரத்துக்கு என்ன நிறமோ அதுதான் படத்துக்கும். பச்சைக்கிளி கேட்டு வந்த ஒரு ஆளிடம், "பச்சையில மரம் இல்லைங்க, வேற பறவை சொல்லுங்க" என்று நின்றார். அந்த ஆள் பேசிப் பேசி ஓய்ந்து, கடைசியில் மைனா வாங்கிக்கொண்டு போனார். உடம்புக்குத் தேக்கு, தலைக்குக் கருங்காலி, மூக்குக்குப் பலா. பலாமரம் தானாகவே மஞ்சள். அந்த மைனாவைப் பார்த்து எனக்கே கண் நிறைந்துபோனது, ஆனால் வாய் திறந்து சொல்லிவிடுவேனா?

இன்னொரு பழக்கமும் உண்டு. பெட்டியை மூடுவதற்கு முன் புதிரைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கமாகவே முழுதும் சேர்த்துப் பார்ப்பார். பிறகு எண்ணுவார். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். அந்த நேரத்தில் யாராவது பேசினால் தீர்ந்தது. வீடு பற்றி எரிந்தாலும் எண்ணி முடித்துவிட்டுத்தான் தண்ணீர் எடுக்கப் போவார் என்று நானும் என் வீட்டுக்காரரும் கேலி பேசுவோம்.

எங்களுக்குள் சண்டை வந்தது குழந்தை பிறந்த பிறகுதான். வாண்டு தவழ ஆரம்பித்ததும் எனக்கு அந்தக் கீழ் அறையை நினைத்தாலே பயமாக இருந்தது. "ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு அவ வாய்க்குள்ள போச்சுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன் அண்ணி" என்று கத்தினேன்.  மறுநாள் அறை வாசலில் இடுப்புயரக் கதவு ஒன்று நின்றது. தாழ்ப்பாள் வெளியே, எட்டாத உயரத்தில். அறுத்துக் கழித்த துண்டுகளைப் போடும் தகரத் தட்டையும் மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டார். இவ்வளவு செய்தும் நான் விட்டேனா? வாரத்துக்கு ஒரு முறையாவது அதைச் சொல்லிக் காட்டாமல் எனக்குச் சோறு இறங்காது.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன்.

அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் எழுத்தர் வேலைக்கு எனக்கு ஃபோனில் இன்டர்வியூ. இவர் லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போயிருந்தார். அண்ணி கடைக்குப் போயிருந்தார். வாண்டுவுக்கு ஒன்றேகால் வயசு, பல் முளைக்கிற எரிச்சல், அழுகையான அழுகை. ஃபோன் வர ஐந்து நிமிஷம்தான் இருந்தது. ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் திறந்து அந்தத் தகரத் தட்டை எடுத்து மாடிக்குக் கொண்டுவந்தேன். பெரிதாக இருந்த நான்கைந்து கட்டைகளைப் பொறுக்கிக் குழந்தை முன்னால் போட்டேன். தட்டைக் கட்டிலின் மேல் வைத்தேன். அவளுக்கு எட்டாது என்று நினைத்தேன். பதினைந்து நிமிஷம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பேசினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் கட்டிலைப் பிடித்து எழுந்து நின்று, தட்டைப் பாதி கவிழ்த்திருந்தாள். ஒரு இருமல் இருமினாள். கண்ணில் தண்ணீர். அவ்வளவுதான், பிறகு சிரித்தாள். வாயைத் திறந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. அதற்குள் கீழே கேட் சத்தம் கேட்டது. துண்டுகளை அள்ளித் தட்டில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ராத்திரி அண்ணி தூங்கினதும் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். மறந்துபோனேன். மறுநாள் அண்ணி எதையும் அறுக்கவில்லை, அதனால் தட்டையும் தேடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அங்கங்கே ஒரு இருமல். சளி என்றார் இவர். திங்கட்கிழமை காலையில் குழந்தை மூச்சு விடும்போது விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.  ஒன்பது மணிக்குத் தெருமுனை கிளினிக்கில் இருந்தோம். நான், இவர், அண்ணி, மூன்று பேரும்.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படம் சுத்தமாக இருந்தது. பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"சின்னதா எதையாவது வாயில போட்டுக்கிட்டாளா? கடலை, மணி, பட்டன், இந்த மாதிரி?"

இவர் உடனே அண்ணியைப் பார்த்தார். "அக்கா, உன் பசில் துண்டு ஏதாவது?"

"இல்லடா. நேத்திக்குத்தான் இருக்கற பெட்டி எல்லாத்தையும் எண்ணினேன். ஒண்ணு குறையல."

"நல்லாப் பார்த்தியா?"

"மூணு தரம் எண்ணினேன்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று அண்ணியே சொல்லிவிட்டாரே! அந்த மனுஷி எண்ணி எதுவும் தப்பினதில்லை. குறையாத துண்டு எப்படிக் குழந்தையின் நெஞ்சுக்குள் போகும்? இத்தனை மாசமாக யாரை வாய்க்கு வந்தபடி பேசினேனோ, அவர் எதிரில் நானே தட்டைத் தூக்கிக் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? மென்று விழுங்கினேன். "இல்லை டாக்டர், அப்படி எதுவும் இல்லை" என்றேன். சளிக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தோம்.

பதினொன்றரை மணிக்கு அவளுடைய உதட்டு ஓரம் லேசாக நீலம் பாய்ந்தது. விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே உள்ளே இழுத்தது. அதற்குப் பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனோம் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. இவர் பைக்கில் பறந்தார், நான் பின்னால் குழந்தையோடு, அண்ணி ஏதோ ஒரு வண்டியை மறித்து ஏறி வந்தார்.

அங்கே ஒரு பெண் டாக்டர். நடுத்தர வயசு, கறாரான முகம். குழாயை இடது பக்கம் வைத்துக் கேட்டார், வலது பக்கம் வைத்துக் கேட்டார், மறுபடி வலது பக்கம்.

"இந்தப் பக்கம் காத்தே போகல. உள்ள ஏதோ அடைச்சிருக்கு. என்ன விழுங்கினா?"

இவர் காலையில் எடுத்த எக்ஸ்ரேயை நீட்டினார். "ஒண்ணும் இல்லைன்னாங்களே டாக்டர்."

"இரும்பா இருந்தா தெரியும், காசா இருந்தா தெரியும். பிளாஸ்டிக், மரம் எல்லாம் எக்ஸ்ரேல தெரியாது."

மரம் என்ற வார்த்தையைக் கேட்டதும் குழந்தையின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அண்ணி பழையபடி ஆரம்பித்தார்: "எங்க வீட்டுல மரத் துண்டு உண்டு டாக்டர். ஆனா எண்ணிக்கை எல்லாம் சரியாத்தான்..." என்று சொன்னவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.  "நான் எண்ணினது பெட்டியில இருக்கறதை. பெட்டியில இருக்கறதை மட்டும்தான்."

விஷயம் இதுதான். போன வாரம் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா, தன் மைனாவின் மூக்கு தொலைந்துவிட்டது என்று அதன் பக்கத்துத் துண்டுகளைத் தபாலில் அனுப்பியிருந்தார். அவற்றோடு பொருந்துகிற மாதிரி புது மூக்கு அறுத்துத் தர வேண்டும். அண்ணி இப்படித் தொலைந்த துண்டுக்கு மாற்று அறுக்கும்போது எப்போதும் இரண்டு அறுப்பார். நன்றாக அமைந்தது டீச்சரம்மாவுக்குப் போயிற்று. மற்றது கழிசல் தட்டுக்குப் போனது. அது எந்தப் பெட்டிக்கும் சொந்தமில்லை. அது இல்லாமல் எந்தப் படத்திலும் ஓட்டை விழாது. எத்தனை தரம் எண்ணினாலும் அந்தத் துண்டு எண்ணிக்கைக்குள் வரவே வராது.

"ரெண்டாவது மூக்கு" என்றார் அண்ணி. "பலாவுல அறுத்தது. இவ்வளவுதான் இருக்கும்." சுண்டுவிரலை நீட்டிப் பாதி நகத்தைக் காட்டினார்.

டாக்டர் அந்த விரலையே பார்த்தார். "உள்ள எந்த வடிவத்துல இருக்குன்னு தெரிஞ்சா எனக்குப் பெரிய உதவி. அதே மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா? எந்த இடுக்கி அதைப் பிடிக்கும்னு வெளியிலேயே பார்த்துட்டு உள்ள போவேன்."

"கொண்டு வரேன்" என்று அண்ணி திரும்பி நடந்தார். நடக்கவில்லை, ஓடினார். அந்த வயசில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

அவர் போனதும்தான் எனக்கு உறைத்தது. அந்த மூக்கு இருக்கிறதா என்று பார்க்கக் கழிசல் தட்டை அலமாரியில் தேடுவார். இருக்காது. வீடு முழுக்கத் தேடுவார். என் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? குழந்தைக்கு மூக்கில் ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடவுளே, இவள் பிழைத்தால் போதும், எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த நிமிஷமே, சொல்லாமல் இருக்க ஏதாவது வழி உண்டா என்றும் யோசித்தேன். பெற்ற வயிறு ஒரு பக்கம் எரிகிறது, இந்தப் பாழும் மனசு இன்னொரு பக்கம் கணக்குப் போடுகிறது. என்னை நானே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

ஒரு மணி நேரத்தில் அண்ணி வந்தார். தலைமுடியெல்லாம் மஞ்சள் மரத்தூள். ஒரு கையில் மூடி போட்ட கிண்ணம், மற்றதில் மடித்த துணி. என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துச் சொன்னார்:

"தட்டை நான்தான்டா கீழ வெச்சுட்டேன் போலிருக்கு. கதவும் திறந்து கிடந்திருக்கு. தட்டுல அந்த மூக்கு மட்டும் இல்ல. அதுலேர்ந்துதான் எடுத்திருக்கா."

இவர் பல்லைக் கடித்தார். நான் ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்கிற மாதிரி குழந்தையின் மேல் குனிந்துகொண்டேன்.

அண்ணி துணியைப் பிரித்தார். உள்ளே மூன்று மஞ்சள் மூக்குகள். கிண்ணத்தில் தண்ணீருக்குள் இன்னும் இரண்டு.

"டாக்டர், நல்லா அமைஞ்ச துண்டுக்கு எண்ணெய் போடுவேன், அது தண்ணி குடிக்காது. இது கழிச்சுப் போட்டது, எண்ணெய் இல்லை. ரெண்டு நாளா ஈரத்துல கிடக்குது, ஊதியிருக்கும். அதான் ரெண்டைச் சுடுதண்ணியில போட்டுக் கொண்டாந்தேன். உள்ள இப்ப இந்த அளவு இருக்கும்."

டாக்டர் புருவத்தை உயர்த்தினார். "ஏன் கழிச்சீங்க? வடிவம் தப்பா?"

"வடிவம் சரிதான். நார் குறுக்கே ஓடிடுச்சு. மூக்கு நீளத்துக்கு நார் ஓடினாத்தான் பலம். இதுல குறுக்கே ஓடுது. நுனியைப் பிடிச்சு இழுத்தா பட்டுனு ஒடியும். அதே பலகையில, அதே மாதிரி குறுக்காத்தான் இதையெல்லாம் அறுத்திருக்கேன்."

டாக்டர் ஒரு நீளமான இடுக்கியை வரவழைத்தார். கிண்ணத்திலிருந்து ஊறிய துண்டு ஒன்றை எடுத்து ஒரு ரப்பர் குழாய்க்குள் செருகினார். இடுக்கியால் நுனியைப் பிடித்து இழுத்தார். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். நுனி இடுக்கியில் இருந்தது, மீதி குழாய்க்குள்ளேயே இருந்தது.  உள்ளே இப்படி ஒடிந்திருந்தால், ஒடிந்த துண்டு மற்ற பக்க நுரையீரலுக்குப் போய் அதையும் அடைத்திருந்தால் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"நுனியை விடுங்க" என்றார் அண்ணி. "அடிப்பக்கம் தடிமனா இருக்கு பாருங்க, ரெண்டு தோளையும் சேர்த்துப் பிடிக்கணும்."

டாக்டர் அதை வைத்துவிட்டு, நுனியில் வலைக்கூடை மாதிரி விரிகிற வேறொரு கருவியைக் கேட்டார். ஊறிய இரண்டாவது மூக்கைக் குழாய்க்குள் செருகி, அடியோடு சேர்த்து அணைத்து இழுத்தார். முழுசாக வந்தது. உலர்ந்த மூன்றிலும் செய்து பார்த்தார். மூன்றும் முழுசாக வந்தன. "போதும்" என்று எழுந்தார்.

குழந்தையை உள்ளே கொண்டுபோனது மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு. ஒன்றேகால் வயசுக் குழந்தைக்கு மயக்க மருந்து, தொண்டை வழியாகக் குழாய். கதவுக்கு வெளியே மூன்று நாற்காலிகள். இவர் உட்காரவில்லை. நடந்துகொண்டே இருந்தார், ஒவ்வொரு திருப்பத்திலும் அக்காவை ஒரு வார்த்தை சொன்னார். எண்ணத் தெரிஞ்சவளுக்கு ஒரு தட்டைத் தூக்கி வெக்கத் தெரியலையா? மரம் மரம்னு அலைஞ்சது போதாதா?  அண்ணி மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவசரத்தில் ரம்பம் பட்டு ஆள்காட்டி விரலில் வெட்டு, அதன் மேல் மரத்தூளே அப்பிக் காய்ந்திருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று இருபது. மூன்று இருபத்தைந்து. ஒவ்வொரு நிமிஷமும் அந்த 'டிக்' சத்தம் என் காதில் கேட்டது.

மூன்று ஐம்பத்தைந்துக்குக் கதவு திறந்தது. டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கினார்.

"முழுசா வந்துடுச்சு. ஒடியல. ரெண்டு பக்கமும் காத்து போகுது. இன்னிக்கு ராத்திரி இங்கேயே இருக்கட்டும்." பிறகு அண்ணியைப் பார்த்தார். "நீங்க சொல்லலைன்னா நான் நுனியைத்தான் பிடிச்சிருப்பேன்."

 இவர் சுவரில் தலையைச் சாய்த்து அழுதார். அழுது முடித்ததும் அந்தப் பயமெல்லாம் கோபமாகத் திரும்பியது. ஆண்பிள்ளைகளுக்கு அதுதானே தெரியும்!

"போதும்க்கா. நாளைக்கே அந்த அறையைக் காலி பண்ணு. ரம்பம், பலகை ஒண்ணும் வீட்டுல இருக்கக் கூடாது. யாருக்காவது கொடுத்துடு."

அண்ணி தலையை ஆட்டினார். "சரிடா" என்றார். அவ்வளவுதான். சண்டை போடவில்லை, ஒரு முணுமுணுப்புகூட இல்லை. ஒருகாலத்தில் பில் போட மாட்டேன் என்று எழுந்து வந்த மனுஷி, நான் செய்த தப்புக்காகச் சரி என்று சொன்னார்.

"தட்டை நான்தான் எடுத்துட்டுப் போனேன்" என்றேன்.

இவர் திரும்பினார். "என்ன?"

"சனிக்கிழமை. இன்டர்வியூ இருந்தப்ப. அவ அழுதா. நான்தான் தட்டை மாடிக்கு எடுத்துட்டு வந்தேன். அண்ணி வீட்டுலயே இல்ல. நான்தான்." சொல்லிவிட்டு அண்ணியைப் பார்த்தேன். "உங்களுக்குத் தெரியும்ல?"

"கட்டிலுக்கு அடியில இருந்துச்சு" என்றார் அண்ணி.

"பின்னே ஏன் அண்ணி சொல்லல?"

"அப்ப சொன்னா இவன் உன்கிட்ட கத்துவான், நீ என்கிட்ட கத்துவே. குழந்தையை யார் பார்க்கறது?" அவர் குரலில் பாசம் எதுவும் இல்லை. என்னைத் தேற்றுகிற எண்ணமும் இல்லை. விரல் வெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இன்னிக்குக் கட்டிலுக்கு அடியில பார்த்ததைப் பத்தி எனக்குக் கோபம் இல்ல. யாரும் செய்யறதுதான். காலையில கேட்டாரே அந்த டாக்டர், ஒன்பது மணிக்கு. அப்ப தட்டுன்னு ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தா, எனக்கு ரெண்டாவது மூக்கு அப்பவே ஞாபகம் வந்திருக்கும். ஏழு மணி நேரம்மா. அவ மூச்சுக்குத் தவிச்சது ஏழு மணி நேரம்."

  நர்ஸ் வந்து, குழந்தை கண் விழித்துவிட்டாள், அம்மா மட்டும் உள்ளே வரலாம் என்றாள்.

நான் எழுந்தேன். கதவு வரை போய் நின்றுவிட்டேன். அண்ணிதான் பின்னாலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளினார்: "போ, உன்னைத்தான் தேடுவா."